வீரமுத்துவின் புகுந்த வீடு

மாரியம்மன் துணை

கோலா சாவா தோட்டம்,
தாரண வருடம், ஆனி 8

என் அருமை மருமகள் பஞ்சாலைக்கு, உன் தாய்மாமன் நல்லசாமிக் கங்காணி ஆசீர்வாதத்தோடு எழுதுவது.

இங்கே நானும் உன் மச்சான் வீரமுத்துவும் எலும்புக்கு மேல் கொஞ்சம் சதையோடு இருக்கிறோம். அங்கே என் தங்கை ராக்கம்மாவும் நீயும் உன் தங்கைகளும் எப்படி இருக்கிறீர்கள் என்று தெரியவில்லை. பெடாஸுக்கும் கோலா சாவாவுக்கும் நடுவில் கடலா கிடக்கிறது? கருவாட்டு வியாபாரி மதார் மைதீன் வாரம் தவறாமல் போய் வருகிறார். டயர் கிடைக்காமல் சக்கரத்தில் ரப்பர் குழாயைச் சுற்றி ஓட்டுகிற சைக்கிள் அது. "மருமவ கடிதாசி ஏதாச்சும் உண்டா பாய்?" என்று நான் கேட்பதும் அவர் உதட்டைப் பிதுக்குவதும் வழக்கமாகிவிட்டது. உன்னை நாலாவது வரைக்கும் படிக்கவைக்கச் சொல்லி உன் அப்பாவோடு சண்டை போட்டவன் நான். அதற்காகவாவது நாலு வரி எழுதக் கூடாதா?

சங்கதிக்கு வருகிறேன். உன் அப்பா முனியாண்டியை ஜப்பான்காரன் சயாம் ரயில் வேலைக்கு லாரியில் ஏற்றிக்கொண்டு போய் ஒரு வருடம் ஆகிறது. சேதி இல்லை. வருவார் என்றே நம்புகிறேன். ஆனால் அவர் வந்துதான் உன் கல்யாணம் என்று உட்கார்ந்திருக்க இது காலம் இல்லை. லாரிச் சத்தம் கேட்டாலே வயதுப் பெண்களைக் காட்டுக்குள் ஒளிந்துகொள்ள விரட்டுகிறார்கள். கல்யாணமாகாத பெண் இருக்கிற வீட்டில் யாருக்கும் சோறு இறங்குவதில்லை.

ஆகையால் வருகிற ஆவணியில் முகூர்த்தம் வைத்துவிடுவோம். நீ தொட்டிலில் கிடந்த காலத்திலேயே வீரமுத்துவுக்கு என்று பேசி முடித்ததுதானே, புதிதாகப் பேச ஒன்றும் இல்லை. ஊரெல்லாம் சாக்குத் துணி கட்டிக்கொண்டு அலைகிற இந்த நேரத்திலும், சண்டைக்கு முன்பு சிரம்பானில் வாங்கிய கூறைப்புடவை என் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. தாலி முடிந்த கையோடு வண்டி கட்டி உன்னை இங்கே கூட்டிவந்துவிடுவேன். உன் அத்தை கண் மூடிய நாள் முதல் இந்த வீட்டில் பெண் குரலே கிடையாது. நானும் அவனும் மாறி மாறி இருமிக்கொண்டு கிடக்கிறோம்.

சீக்கிரம் பதில் போடு.

உன் மாமன்,
நல்லசாமி

---

பெடாஸ் தோட்டம்,
ஆனி 16

மதிப்பும் பாசமும் உள்ள மாமாவுக்கு, பஞ்சாலை கும்பிட்டு எழுதுவது.

உங்கள் கடிதத்தை அம்மாவுக்கு இரண்டு தரம் படித்துக் காட்டினேன். முதல் தரம் அழுதாள், இரண்டாம் தரம் சிரித்தாள். தங்கைகள் புடவை என்ன நிறம் என்று கேட்கச் சொன்னார்கள். நாங்கள் எல்லாரும் சுகம்தான்.

முதலில் சந்தோஷத்தைச் சொல்லிவிடுகிறேன். மச்சானைக் கட்டிக்கொள்ள எனக்குச் சம்மதம். சம்மதம் என்று அடக்கமாக எழுதுகிறேனே தவிர, கடிதம் வந்த அன்று மண்வெட்டியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வேலைக்குப் போனேன். போன வருடத் திருவிழாவில் உங்கள் பிள்ளை என்னோடு பேசியது ஒரே வார்த்தை, "சாப்டியா?" அதை வைத்துக்கொண்டு ஒரு வருடத்தை ஓட்டியிருக்கிறேன். இதை அவரிடம் சொல்லிவிடாதீர்கள். சொன்னாலும் பரவாயில்லை.

இனிமேல் வருவதை உட்கார்ந்துகொண்டு படியுங்கள் மாமா. கல்யாணம் முடிந்து நான் அங்கே வர முடியாது. மச்சான் இங்கே வரட்டும்.

ரப்பர் பால் வெட்டு நின்றுபோனதும் எங்கள் லயத்து வீடுகளில் பெண்கள் எல்லாரும் பட்டினியாகக் கிடந்தது உங்களுக்குத் தெரியும். பாதிப் பேருக்குப் புருஷன் சயாமில். அப்போது தோட்டத்து எல்லைக்கு அந்தப் பக்கம் மலாய்க்காரர் கிராமமான கம்பத்தில் புதர் மண்டிக் கிடந்த மேட்டு நிலத்தைப் பார்த்து, அந்த நிலத்துக்காரி மாக் லீஜாவிடம் நான்தான் போய்க் கேட்டேன். விளைவதில் பாதி அவளுக்கு என்று பேச்சு. இன்றைக்கு அங்கே மரவள்ளி என் தலைக்கு மேல் நிற்கிறது. இந்த வருடம் மேட்டு நெல்லும் போட்டிருக்கிறோம். பக்கத்து வீட்டுத் தாயம்மாவில் தொடங்கி, சயாமுக்குப் புருஷனைக் கொடுத்த அத்தனை பேரும் என்னோடு அந்த நிலத்தில்தான் நிற்கிறார்கள்.

மாக் லீஜா அந்த நிலத்தை என் கையில்தான் கொடுத்தாள். "நீ இருக்குற வரைக்கும்தான். நீ கல்யாணம் கட்டிப் போயிட்டா நான் எடுத்துக்குவேன். வேற ஆள எனக்குத் தெரியாது" என்று பச்சையாகச் சொல்லிவிட்டாள். நான் வண்டி ஏறினால் அன்றைக்கே அத்தனை அடுப்பும் அணையும்.

இந்தப் பக்கத்து மலாய்க்காரர்கள் வழக்கம் உங்களுக்கும் தெரியாததில்லை. நிலமும் வீடும் தாயிடமிருந்து மகளுக்குப் போகிறது. கல்யாணமானால் ஆண்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருக்கிறான். மாக் லீஜாவின் புருஷர் பாக் டோலா அப்படி வந்தவர்தான். கம்பீரமாக மீசை வைத்துக்கொண்டு திரிகிறார். ஒருவரும் அவரைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

நாமும் ஒரே ஒரு தடவை அப்படிச் செய்து பார்த்தால் என்ன மாமா?

உங்கள் அன்பு மருமகள்,
பஞ்சாலை

---

கோலா சாவா,
ஆனி 23

மருமகள் பஞ்சாலைக்கு, மாமன் எழுதுவது. இந்தக் கடிதத்தில் ஆசீர்வாதம் கிடையாது.

உட்கார்ந்துகொண்டு படிக்கச் சொல்லியிருந்தாய். உட்கார்ந்துதான் படித்தேன். அப்படியும் வெற்றிலையை மெல்லாமல் விழுங்கிவிட்டேன்.

வீட்டோடு மாப்பிள்ளையா? நல்லசாமிக் கங்காணி மகனா? விடிகாலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில் நான் ஒரு குரல் கொடுத்தால் மேட்டு லயம் வரை கேட்கும். அப்படிப்பட்டவன் பெற்ற பிள்ளை மாமியார் வீட்டு வாசலில் நின்று "அத்தே, சோறு போடுங்க" என்று கேட்க வேண்டுமா? நம்மில் யார் வீட்டோடு மாப்பிள்ளையாகப் போவான்? கை கால் விளங்காதவன் போவான். போக்கிடம் இல்லாதவன் போவான். என் பிள்ளைக்கு என்ன குறை?

மலாய்க்காரர்களுக்கு அது அவர்கள் முன்னோர் வைத்த வழக்கம். அவர்களுக்கு அழகாகத்தான் இருக்கிறது, நான் குறை சொல்லவில்லை. அவர்கள் டுரியான் சாப்பிடுகிறார்கள், பார்த்து நாமும் சாப்பிட்டோம். அதற்காகக் கல்யாணத்தையும் அவர்களிடம் இரவல் வாங்குவதா?

வீரமுத்துவைக் கூப்பிட்டுக் கேட்டேன். "ஒன் அத்தை மவ இப்படி எழுதியிருக்காடா, என்ன சொல்ற?"

"சரிப்பா" என்றான்.

"எதுக்குடா சரி? அவ இங்க வர்றதுக்கா, நீ அங்க போறதுக்கா?"

"ரெண்டுக்கும்தான்ப்பா" என்று சொல்லிவிட்டு விறகு பிளக்கப் போய்விட்டான். இவனை வைத்துக்கொண்டு நான் யாரோடு சண்டை போடுவது?

ரந்தாவில் இருக்கிற திருநாவுக்கரசு தன் பெண்ணைக் கொடுக்கக் காத்திருக்கிறார். நல்ல அடக்கமான பெண். நீ "வருகிறேன்" என்று எழுது. ஆவணி பிறப்பதற்குள் அந்த ஒரு வார்த்தை வராவிட்டால் அங்கே தட்டு மாற்றிவிடுவேன். அப்புறம் மாமா மாமா என்று அழுது புண்ணியமில்லை.

நல்லசாமிக் கங்காணி

---

பெடாஸ்,
ஆடி 2

கோபமாக இருக்கிற மாமாவுக்கு, இன்னும் பாசமாகவே இருக்கிற பஞ்சாலை எழுதுவது.

ஆசீர்வாதம் இல்லாமல் கடிதம் எழுதியது உங்களுக்கே இரண்டு நாள் உறுத்தியிருக்கும் என்று அம்மா சொல்கிறாள். "எங்க அண்ணன் சத்தம் போட்டா வயித்தெரிச்சல்னு அர்த்தம், சும்மா இருந்தாத்தான் கோவம்" என்றாள். அதனால் நான் பயப்படவில்லை.

ஆனால் திருநாவுக்கரசு மகள் பெயரைப் படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. மறைக்க மாட்டேன். அன்று முழுக்க யாரோடும் பேசாமல் களை பிடுங்கினேன். தாயம்மா அக்கா வந்து, "எதுக்குடி நெல்லையும் சேத்துப் புடுங்குற?" என்று கேட்ட பிறகுதான் கையைப் பார்த்தேன்.

அந்தப் பெண்ணை மச்சானுக்குக் கட்டிவைப்பதானால் கட்டிவையுங்கள். நான் கல்யாணத்துக்கு வருவேன். பந்தியில் பரிமாறுவேன். அடுப்படிக்குப் பின்னால் போய் நன்றாக அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு ஊர் திரும்புவேன். வேறு யாரையும் கட்டிக்கொள்ள எனக்கு மனம் வராது. அதற்காக "வருகிறேன்" என்று பொய்யாக எழுதவும் மனம் வரவில்லை.

அடுத்தவர்களின் அடுப்பைப் பற்றித்தான் போன கடிதத்தில் எழுதினேன். அது உண்மைதான். ஆனால் இன்னொன்றையும் சொல்கிறேன். எனக்கே இங்கே பிடித்திருக்கிறது மாமா. நான் வெட்டிச் சீர்செய்த மண் அது. காலையில் போய் நின்றால், இது நம்முடையது போல என்று ஒரு நினைப்பு வருகிறது. நம்முடையது இல்லைதான். தோட்டம் வெள்ளைக்காரனுடையது, இப்போது ஜப்பான்காரனுடையது, நிலம் மாக் லீஜாவுடையது. ஆனால் எங்கே எதை நடுவது என்று நான் சொல்கிறேன், அது நடக்கிறது. பிறந்ததிலிருந்து நான் சொல்லி ஒன்றும் நடந்ததில்லை. நான் ருசி கண்டுவிட்டேன்.

உங்களைத் திருப்பி ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். மச்சான் எங்கள் வீட்டுக்கு வந்தால் அது அவருக்குக் குறை என்கிறீர்கள். நான் உங்கள் வீட்டுக்கு வந்தால் அது எனக்குக் குறை இல்லையா? எங்கள் அம்மா இங்கே வந்தாளே, அவள் கை கால் விளங்காதவளா, போக்கிடம் இல்லாதவளா?

மச்சானுக்கு இங்கே என்ன மரியாதை குறையும் என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை. சோறு போடுங்க என்று அவர் கேட்கவே வேண்டாம், நான் பசிக்கு முன்பே போட்டுவிடுவேன்.

உங்கள்,
பஞ்சாலை

---

கோலா சாவா,
ஆடி 20

அடியே பஞ்சாலை,

உனக்கு வெட்கம் மானம் ஏதாவது உண்டா? உன் பட்டாளத்தை அனுப்பிவிட்டு நீ அங்கே உட்கார்ந்துகொண்டாயே!

முந்தாநாள் காலையில் பல் விளக்கிக்கொண்டு நிற்கிறேன். ரோட்டு வளைவில் ஒரு கூட்டம் வருகிறது. முன்னால் மதார் மைதீன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருகிறார். பின்னால் வரிசையாகப் பெண்கள், தலையில் மரவள்ளிக்கிழங்குக் கூடை. யாரோ செத்துப்போனார்கள் என்று நினைத்து வாயைக் கொப்பளித்துவிட்டு ஓடினேன். தாயம்மா கூடையை இறக்கி வைத்து, ஒரு தட்டை எடுத்து, அதில் வெற்றிலை பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம் எல்லாம் அடுக்கிவிட்டு நிமிர்ந்து சொல்கிறாள், "கங்காணியாரே, மாப்புள பாக்க வந்திருக்கோம்."

மதார் மைதீனைப் பார்த்தேன். "எனக்கு ஒண்ணுந் தெரியாது கங்காணி. வழி கேட்டாங்க, கூட்டியாந்தேன், அவ்வளவுதான்லா" என்று சைக்கிள் மணியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

வந்தவர்களை வெளியே நிறுத்த முடியுமா? உள்ளே கூப்பிட்டுப் பாயைப் போட்டேன். "பையனைக் கூப்புடுங்க" என்றார்கள். வீரமுத்து குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்து நின்றான். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார்கள். பெண் பார்க்கப் போகிற இடத்தில் நாம் என்னென்ன கேட்போமோ, அத்தனையும் ஒன்று விடாமல் கேட்டார்கள்.

"தம்பி, கொஞ்சம் நடந்து காட்டு." இந்த மடையன் நடந்தான். "கால் நல்லாத்தான் இருக்கு" என்று ஒருத்தி சான்று கொடுத்தாள்.

"சமைக்கத் தெரியுமா?"

"தெரியும்க்கா. ரசம்தான் சரியா வராது."

"கோவம் வருமா?"

யோசித்துவிட்டு, "கோழி நாத்தைக் கிளறினா வரும்" என்றான்.

"பெரியவங்களுக்கு அடங்கி நடப்பியா?"

"அப்பாகிட்ட பழகிட்டேன்."

அந்தப் பெண்கள் சிரித்த சிரிப்பில் பக்கத்து லயமே வாசலுக்கு வந்துவிட்டது. பாடத் தெரியுமா என்று கேட்டார்கள். அங்கே மட்டும் அவன் மாட்டேன் என்று சொல்லி என் மானத்தைக் காப்பாற்றினான்.

எனக்கு என்ன ஆத்திரம் என்றால், நானும் சிரித்துவிட்டேன். வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரித்தேன், ஆனால் தாயம்மா பார்த்துவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால் அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். "சயாமுக்குப் போன எங்க வீட்டு ஆள நெனச்சேன் கங்காணியாரே. சிரிச்சு நாளாச்சு" என்றாள். அதற்குமேல் நான் எப்படிக் கத்துவது? திருநாளுக்கு என்று வைத்திருந்த அரிசியைப் போட்டு எல்லாருக்கும் கஞ்சி காய்ச்சினோம். உன் கிழங்கும் வெந்தது. மாவாக இருந்தது, குறை சொல்ல முடியாது.

நீ அனுப்பவில்லை, தாங்களாகவே வந்தோம் என்று தாயம்மா கோவில் பக்கம் கை நீட்டிச் சத்தியம் செய்கிறாள். நான் நம்பவில்லை.

அவர்கள் போன பிறகு வீரமுத்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "நான் அங்க போறேன்ப்பா" என்றான். பிறந்ததிலிருந்து இந்தப் பிள்ளை தானாக ஒன்றைக் கேட்டு நான் பார்த்ததில்லை. "நீங்களும் வாங்க" என்றான். நான் எப்படி வருவது? இந்தத் தோட்டத்தில் மிஞ்சியிருக்கிற கிழடு கட்டைகளுக்கு நான்தானே பேச வேண்டியிருக்கிறது, கணக்கு எழுதுகிற கிராணியிடமும் மற்றவர்களிடமும்?

இன்னும் நான் சம்மதம் சொல்லவில்லை. திருநாவுக்கரசுக்கும் சொல்லவில்லை.

நல்லசாமி

---

பெடாஸ்,
ஆடி 27

மாமா, மாமா, மாமா!

நான் அனுப்பவில்லை. சத்தியமாக அனுப்பவில்லை. அன்று நிலத்தில் ஒருவரையும் காணாமல் எல்லாருக்கும் காய்ச்சல் என்று நினைத்து வீடு வீடாகப் போய்த் தேடினேன். சாயங்காலம் தாயம்மா அக்கா வந்து உங்கள் கடிதத்தில் உள்ள அத்தனையும் நடித்துக் காட்டினாள். மச்சானாக அவளே நடந்தாள். அம்மா சிரித்துச் சிரித்துச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். அப்பா போன பிறகு அம்மா அப்படிச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

ரசம் வராவிட்டால் பரவாயில்லை என்று மச்சானிடம் சொல்லுங்கள். புளியும் இல்லை, மிளகும் இல்லை, எனக்கும்தான் வரவில்லை.

நீங்கள் ஒரு தடவை இங்கே வந்து பார்க்க வேண்டும் மாமா. சம்மதம் சொல்ல வேண்டாம், பார்த்தால் போதும். பாக் டோலாவோடு பேசுங்கள். பெண் வீட்டுக்கு வந்து முப்பது வருடமாகக் குடித்தனம் நடத்துகிற மனிதர். உங்களுக்கு என்னென்ன சந்தேகமோ அவரிடமே நேராகக் கேட்டுவிடுங்கள். நான் பக்கத்தில் நின்று வாயைத் திறக்க மாட்டேன்.

அன்று காய்ச்சிய கஞ்சிக்கு எங்கள் எல்லாருடைய கும்பிடும்.

பஞ்சாலை

---

கோலா சாவா,
ஆவணி 12

மருமகள் பஞ்சாலைக்கு, மாமன் ஆசீர்வாதம்.

ஊர் வந்து சேர்ந்தேன். மதார் மைதீன் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து வந்ததில் உடம்பில் எந்த எலும்பு எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன்.

வாயைத் திறக்க மாட்டேன் என்று எழுதியவள், நான் இருந்த இரண்டு நாளும் வாயை மூடவில்லை. இருக்கட்டும். நிலத்தைப் பார்த்தேன். கங்காணிக் கண்ணோடுதான் பார்த்தேன், குறை கண்டுபிடிக்க. மேல் மூலையில் வாய்க்கால் கோணல். மற்றபடி ஒன்றும் சொல்வதற்கில்லை. பெண்கள் உன்னை "தண்டல்" என்று கூப்பிடுகிறார்கள், நீயும் திரும்பிப் பார்க்கிறாய்! என் ஆயுசில் ஆட்களை வேலை வாங்குகிற பெண் தண்டலைப் பார்ப்பேன் என்று நினைக்கவில்லை.

நீ பானை கழுவப் போன நேரத்தில் பாக் டோலாவிடம் கேட்டுவிட்டேன். என் அரைகுறை மலாயில், "உங்களுக்கு இது வெட்கமாக இல்லையா?" என்று. அவருக்கு முதலில் கேள்வியே புரியவில்லை. மறுபடி கேட்டேன். மீசையைத் தடவிக்கொண்டு, "எதுக்கு வெட்கம்? நான் இங்க வந்தேன். என் தங்கச்சி எங்கம்மா வீட்டுல இருக்கா, அவ புருஷன் அங்க வந்தான். எங்கம்மாவுக்கு யாரும் இல்லாமப் போகல" என்றார். பிறகு என்னிடம் திருப்பிக் கேட்டார், "ஒங்க வழக்கத்துல பொண்ணு போயிட்டா அம்மாவை யாரு பாத்துக்குவாங்க?" நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு வாய்க்கால் கோணலைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன்.

சரி. வீரமுத்து வரட்டும்.

ஆனால் மூன்று சங்கதிகள். கல்யாணம் நம் முறைப்படி, உங்கள் தோட்டத்து மாரியம்மன் சந்நிதியில். பரிசம் நான் போடுவேன், என் பிள்ளை வெறுங்கையோடு வந்தான் என்ற பேச்சு வரக் கூடாது. மூன்றாவது, "வீட்டோடு மாப்பிள்ளை" என்று என் காதுபட எவராவது சொன்னால் அது தாயம்மாவாக இருந்தாலும் விடமாட்டேன்.

ஆவணி வேண்டாம். தையில் வைத்துக்கொள்வோம். நெல் அறுவடை முடிந்துவிடும், பந்தியில் சோறு போடலாம். திருநாவுக்கரசு மகளுக்குத் தம்பின் பக்கம் இடம் அமைந்துவிட்டதாம். நல்ல பெண், நன்றாக இருக்கட்டும்.

புடவை அரக்குச் சிவப்பு. உன் தங்கைகளிடம் சொல்லிவிடு.

உன் மாமன்,
நல்லசாமி

---

கோலா சாவா,
தை 12

என் மகள் பஞ்சாலைக்கு, மாமன் எழுதுவது.

இனிமேல் மருமகள் என்று எழுதுவதா, மகள் என்று எழுதுவதா என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். கை தானாக இப்படி எழுதிவிட்டது.

கல்யாணத்தை நினைத்துப் பார்த்தாலே மனம் நிறைகிறது. பொன் இல்லாமல் வீரமுத்து மஞ்சள் கிழங்கைத்தான் தாலியாகக் கட்டினான், அது ஒரு குறையாகவே தெரியவில்லை. மாக் லீஜா பிசுபிசுவென்று ஒட்டுகிற புளூட் அரிசிச் சோற்றோடு வந்து உன் அம்மா பக்கத்தில் சம்பந்தி மாதிரி உட்கார்ந்துகொண்டாள். தாயம்மா கும்மியடிக்கிறேன் என்று பந்தல் காலைச் சாய்த்தாள். இந்தக் கேடுகெட்ட காலத்தில் இப்படி ஒரு நாளும் நமக்கு எழுதியிருந்ததே!

பந்தி முடிந்து அவன் பெட்டியை உங்கள் வாசலில் நான்தான் இறக்கிவைத்தேன். ராக்கம்மா ஆரத்தி சுற்றி, "வலது கால வச்சு வாப்பா" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அவன் வாசற்படியில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தான். "போடா, போடா" என்று கையைக் காட்டிவிட்டு வண்டி ஏறினேன்.

பெடாஸ் கடைத்தெரு தாண்டும் வரை ஒன்றுமில்லை. அப்புறம் வந்தது பார், அழுகை. வண்டிக்காரர் என்ன என்று கேட்டார். மாடு சரியாக நடக்கவில்லை என்று அவரைத் திட்டினேன். பாவம், மாடு நன்றாகத்தான் நடந்தது. பிள்ளை நல்ல இடத்துக்குத்தான் போயிருக்கிறான், கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறான், ஆசைப்பட்டவளைத்தான் கட்டியிருக்கிறான். இதற்கு எதற்கு அழுகை என்று என்னையே திட்டிக்கொண்டு வந்தேன். நிற்கவில்லை.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்தபோது எங்கள் அப்பா ஞாபகம் வந்தது. உன் அம்மாவை முனியாண்டிக்குக் கட்டிக்கொடுத்த புதிதில், கோலா சாவாவிலிருந்து பெடாஸுக்கு நடந்தே போவார். மகளைப் பார்ப்பார். பெண்ணைக் கொடுத்த வீட்டில் பேரப்பிள்ளை பிறக்கும் வரை கை நனைக்கக் கூடாது என்று வழக்கம். ராக்கம்மா செம்பைக் கொண்டுவந்து நீட்டினால், "இப்பத்தாம்மா குடிச்சேன்" என்பார். வாசலோடு நின்று பேசிவிட்டு அப்படியே நடந்து திரும்புவார். நீ பிறந்த பிறகுதான் அந்த வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடித்தார். "எங்கப்பா மானஸ்தன்" என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அந்த மனிதருக்கு அன்றெல்லாம் எவ்வளவு தாகம் எடுத்திருக்கும், பஞ்சாலை!

பெண்ணைப் பெற்றவர்கள் எல்லாரும் இதை விழுங்கிக்கொண்டுதான் பந்தலில் சிரித்துக்கொண்டு நின்றார்களா? நான் எத்தனை கல்யாணத்தை முன்னால் நின்று நடத்தியிருக்கிறேன், எத்தனை பெண்களை வண்டி ஏற்றி விட்டிருக்கிறேன். "அழாத தாயி, எல்லாருக்கும் உள்ளதுதான்" என்று சொல்லிவிட்டு அடுத்த பந்திக்குப் போய்விடுவேன்.

பிள்ளையைக் கொடுத்தவனுக்கு என்ன வழக்கம் என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் ஆள் இல்லை, நம் தோட்டங்களில் முதல் ஆள் நான்தான் போலிருக்கிறது. எங்கள் அப்பா அளவுக்கு எனக்கு நெஞ்சுரம் கிடையாது. வாசலோடு நிற்க என்னால் முடியாது. பேரப்பிள்ளை பிறக்கும் வரை காத்திருக்கவும் முடியாது. அது உங்கள் சௌகரியம்போல் பிறக்கட்டும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்குச் சாப்பிட வருகிறேன். கேட்டு எழுதவில்லை, சொல்லி எழுதுகிறேன்.

இப்படிக்கு,
உன் வீட்டு மாப்பிள்ளையின் அப்பன்,
நல்லசாமி